நிறம் மாறித் தெரிகிறதா? அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

ஒரு வெள்ளைத் தாள் பகலில் நிழலிலும் வெள்ளைதான், இரவில் குண்டு பல்பின் கீழும் வெள்ளைதான். ஆனால் நிழலில் அதன்மேல் விழுவது நீலம் தோய்ந்த ஒளி, பல்பின் கீழ் விழுவது ஆரஞ்சு தோய்ந்த ஒளி. கண்ணும் மூளையும் சேர்ந்து அந்தச் சாயலைக் கழித்துவிட்டுப் பொருளின் நிறத்தை மட்டும் நமக்குத் தருகின்றன. இதற்கு நிற நிலைப்பு என்று பெயர். அது ஓடிக்கொண்டிருக்கும்வரை யாரும் கவனிப்பதில்லை. எங்காவது தடுக்கும்போதுதான் "ஷேடு மாறிப்போச்சு" என்ற பேச்சு வருகிறது.

துணியை மறுபடி சாயத்தில் போடவோ சுவரை மறுபடி அடிக்கவோ கிளம்பும் முன் ஒளியைச் சோதியுங்கள், அடுத்துப் பக்கத்து நிறத்தை, அதற்கப்புறம்தான் பொருளை. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்பவர்களுக்கே செலவு அதிகம்.

## முதலில் கையில் இருக்க வேண்டியவை

புகைப்படக்காரர்கள் வைத்திருக்கும் 18 சதவீதச் சாம்பல் அட்டை ஒன்று. ஹாலஜன் அல்லது பழைய குண்டு பல்பு போட்ட மேசை விளக்கு ஒன்று. 365 அல்லது 395 நானோமீட்டர் புற ஊதா டார்ச் ஒன்று. இத்துடன் நீங்களே செய்துகொள்ளும் துளை அட்டை: பளபளப்பில்லாத சாம்பல் அட்டையில் 1 செ.மீ. அகலத்துக்கு இரண்டு துளைகள், நடுவில் 2 செ.மீ. இடைவெளி. இது விலையில்லாத கருவி, ஆனால் பாதி வாக்குவாதங்களை இதுவே தீர்த்துவிடும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் சோதனைக்கு முன் நான்கு காரியங்கள்:

- நிறக் கண்ணாடியையும், நீல ஒளியைத் தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடியையும் கழற்றுங்கள். பவர் கண்ணாடி இல்லாமல் முடியாது என்றால் பூச்சில்லாத ஒன்றைப் போடுங்கள்.
- பளிச்சென்ற நிறச் சட்டையோடு சோதிக்காதீர்கள். சிவப்புச் சட்டையிலிருந்து திரும்பும் ஒளி எதிரே இருக்கும் துணித் துண்டில் விழும். சாம்பல், கறுப்பு, வெள்ளை போதும்.
- புதிய ஒளிக்குள் நுழைந்ததும் 2 நிமிடம் சும்மா இருங்கள். கண் புதிய ஒளியின் நிறத்துக்குப் பழகுவதில் பெரும்பகுதி முதல் நிமிடத்திலேயே முடிந்துவிடும், மிச்சம் மெதுவாக நடக்கும். கதவைத் திறந்ததும் சொல்லும் தீர்ப்பு நம்பத் தகாதது.
- ஒரே நேரத்தில் ஒரே வகை ஒளி. ஜன்னல் ஓரம் சோதிக்கிறீர்கள் என்றால் பல்பை அணையுங்கள். பல்பில் சோதிக்கிறீர்கள் என்றால் திரையை இழுத்து மூடுங்கள்.

## அறிகுறி 1: கடையில் ஒத்துப்போன இரண்டு துணிகள் வீட்டில் ஒத்துப்போகவில்லை

துணியில் மட்டுமல்ல, சோபா உறைக்கும் திரைக்கும், கார் கதவுக்கும் பம்பருக்கும், பின்னால் மாற்றிப் பதித்த டைலுக்கும் பழைய டைலுக்கும் இதே கதைதான்.

சோதனை அ: திருப்பிப் பாருங்கள். இரண்டு துண்டுகளையும் இடைவெளியே இல்லாமல் விளிம்போடு விளிம்பாக வையுங்கள். நடுவில் ஒரு கோடு இடைவெளி இருந்தாலும் சின்ன வேறுபாடு மறைந்துவிடும். பிறகு ஒரு துண்டை மட்டும் 90 பாகை, அடுத்து 180 பாகை திருப்புங்கள். திருப்பும்போது வேறுபாடு கூடிக் குறைந்தால் அது நெசவின் ஒளிர்வு. சாயத்தில் கோளாறு இல்லை. வெல்வெட்டிலும் சாட்டினிலும் இது தினமும் நடக்கும். எல்லாத் துண்டுகளையும் ஒரே திசையில் வெட்டித் தைத்தால் போதும்.

சோதனை ஆ: மூன்று ஒளியில் பாருங்கள். நேர் வெயில் விழாத, திறந்த வானம் தெரியும் ஜன்னல் ஓரம், ஹாலஜன் விளக்கு, துணி கடைசியில் எந்த அறையில் இருக்கப்போகிறதோ அங்குள்ள விளக்கு.

*மூன்றிலும் ஒரே மாதிரி வேறுபடுகிறதா?* அப்படியானால் இரண்டும் வேறு வேறு சாயத் தொகுதி. லேபிளில் லாட் எண்ணைப் பாருங்கள். கடையின் ஒளி மங்கலாக இருந்ததால் முதலில் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அதே லாட்டில் மாற்றி வாங்குவதே மலிவான தீர்வு.

*ஒன்றில் ஒத்துப்போய் இன்னொன்றில் பிரிகிறதா?* இதுதான் மெட்டாமெரிசம், இந்தப் பக்கத்தில் உள்ள எல்லாவற்றிலும் அதிகப் பணத்தை விழுங்குவது. கண்ணுக்குள் நிறம் பார்க்கும் கூம்புச் செல்கள் மூன்றே வகை. ஒளி எத்தனை அலைநீளங்களால் ஆனது என்றாலும் மூளைக்குப் போவது மூன்று அளவுகள்தான். வேறு வேறு சாயக் கலவைகள் ஒரு குறிப்பிட்ட ஒளியில் மட்டும் அதே மூன்று அளவுகளைத் தந்துவிடும். ஒளி மாறியதும் குட்டு வெளிப்படும். நிற நிலைப்பால் இதைச் சரிசெய்ய முடியாது. அது விளக்கின் சாயலைக் கழிக்கிறதே தவிர, இரண்டு துணிகளுக்கு வேறு வேறு கணக்குப் போடுவதில்லை.

சாம்பல், பழுப்பு, காக்கி, ஆலிவ், நீலம் கலந்த சாம்பல் போன்ற மங்கல் நிறங்களில்தான் இது அதிகம். அவை பெரும்பாலும் மூன்று சாயங்களைக் கலந்து வருபவை, ஒரே நிறத்துக்குப் பல வழிகளில் போய்ச்சேரலாம். பளிச்சென்ற மஞ்சளில் இந்தத் தொல்லை குறைவு.

*பகலொளியில் மட்டும் பிரிகிறது, பல்பின் கீழ் ஒத்துப்போகிறதா?* இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். ஒரு துண்டு மட்டும் நீல வெளிச்சமாக மின்னினால் அதில் ஒளிர்வூட்டி, அதாவது புற ஊதாவை வாங்கி நீலமாகத் திருப்பித் தந்து வெண்மையைக் கூட்டும் ரசாயனம், இருக்கிறது. சலவைத்தூளிலும் அது உண்டு. ஆகவே துவைத்த துணியையும் துவைக்காத துணியையும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

தீர்வு, செலவு குறைந்ததிலிருந்து: இரண்டையும் ஒட்டி வைக்காமல் வேறு நிறம் ஒன்றை நடுவில் கொடுங்கள். அல்லது அந்த அறையின் விளக்கை, பொருத்தம் பார்த்த ஒளிக்கு நெருக்கமாக மாற்றுங்கள். முடியாவிட்டால் ஒரு துண்டை மறுபடி சாயமிட வேண்டும்.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: மறுசாயம் என்று முடிவானால் சாயப் பட்டறைக்கு "இதே மாதிரி வேண்டும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்த ஒளியில் பொருந்த வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள்: முதலில் டி65, அதாவது சுமார் 6500 கெல்வின் பகலொளி (கெல்வின் எண் கூடினால் ஒளி நீலம், குறைந்தால் மஞ்சள்), இரண்டாவதாக ஏ ஒளி, அதாவது 2856 கெல்வின் குண்டு பல்பு ஒளி, கடைக்குப் போகிற சரக்கென்றால் மூன்றாவதாக அந்தக் கடையின் விளக்கு. நிறத்தை அலைநீளவாரியாக அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டர் வைத்திருக்கும் இடமாகப் பார்த்துப் போங்கள். ஒரே ஒளிக்கு மூன்று எண் காட்டும் சின்னக் கலர் மீட்டருக்கு மெட்டாமெரிசம் தெரியவே தெரியாது. அது "சரி" என்று சொல்லும், சரக்கு திரும்பி வரும். அலைநீளவாரியான வரைகோடுகள் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் எந்த ஒளியிலும் கவலையில்லை. மூன்று நான்கு இடத்தில் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டால் எங்கோ ஒரு விளக்கின் கீழ் பிரியப்போகிறது என்று பொருள்.

## அறிகுறி 2: சுவர் காலையில் ஒரு நிறம், மாலையில் ஒரு நிறம், நிற அட்டையில் பார்த்தது வேறு நிறம்

அறைக்குள் வரும் ஒளி நாள் முழுக்க மாறுகிறது. மதிய வெயில் சுமார் 5500 கெல்வின், நீல வானம் மட்டும் தெரியும் நிழல் அதைவிட மிக நீலம், சாயும் வெயில் செம்மஞ்சள். சுவரிலிருந்து கண்ணுக்கு வரும் ஒளி மாறுகிற அளவோடு ஒப்பிட்டால் நாம் உணரும் மாற்றம் கொஞ்சம்தான். எனவே கொஞ்சம் மாற்றம் கோளாறல்ல. கீழே உள்ளவை கோளாறுகள்.

நிற அட்டையைவிடச் சுவர் அழுத்தமாகத் தெரிகிறது. விரலளவு அட்டையை வைத்துத் தேர்ந்தெடுத்தால் இப்படித்தான். பரப்பு பெரிதாகும்போது நிறம் பலமாகத் தெரியும். தவிர, எதிரெதிர்ச் சுவர்களுக்கு ஒரே பெயிண்ட் அடித்தால் ஒளி இரண்டுக்கும் நடுவே போய்த் திரும்பி ஒவ்வொரு முறையும் இன்னும் நிறமேறும். 60 × 60 செ.மீ. பலகையில் இரண்டு கை பூசி, முழுக்கக் காய்ந்த பிறகு பாருங்கள். ஈரப் பெயிண்டைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். பழைய சுவரிலேயே சாம்பிள் அடிப்பதும் தப்பு. பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணைக் குழப்பும். பலகையென்றால் ஜன்னல் இருக்கும் சுவர், அதற்கு எதிர்ச்சுவர், மூலை என்று நகர்த்திக் காலை, மதியம், விளக்கேற்றிய பிறகு என மூன்று வேளையும் பார்க்கலாம். சந்தேகம் வந்தால் ஒரு படி வெளிர்ந்த, ஒரு படி சாம்பல் கூடிய ஷேடை எடுங்கள். அடர்வாக எடுத்து வருந்தியவர்களே அதிகம்.

சுவரில் பச்சையோ சிவப்போ ஏறித் தெரிகிறது. தரையைப் பெரிய வெள்ளைத் துணியால் மூடுங்கள். சாயல் போனால் காரணம் தரையோ கம்பளமோதான். போகவில்லையா, ஜன்னலைத் திறந்து பாருங்கள். திறந்ததும் மாறினால் கண்ணாடியின் சாயல். அதிலும் மாறவில்லையென்றால் வெளியே என்ன இருக்கிறது என்று பாருங்கள்: புல்வெளி, மரம், எதிர்க்கட்டடத்தின் நிறச்சுவர். அந்த நிறத்தை முன்கூட்டியே கணக்கில் கொண்டு, அதற்கு எதிர் நிறம் (பச்சைக்குச் சிவப்பு, நீலத்துக்கு மஞ்சள் போல) இம்மியளவு கலந்த ஷேடை எடுப்பதே வழி.

ஒரே சுவர் ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். ஜன்னல் ஒளியும் மஞ்சள் பல்பும் ஒரே நேரத்தில் விழுகின்றன. கண் ஓர் ஒளிக்குத்தான் ஒழுங்காகப் பழகும். இரண்டு வந்தால் நடுவில் எங்கோ நின்றுகொள்ளும். இரண்டு பக்கமும் தப்பாகத் தெரியும். விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் சீராகிறதோ அதுதான் குற்றவாளி. பகலிலும் விளக்குத் தேவைப்படும் அறையில் 4000 கெல்வின் சுற்றளவில் எல்லா பல்புகளையும் ஒரே மாடலாக, ஒரே பெட்டியிலிருந்து போடுங்கள். பெட்டியில் ஒரே எண் போட்டிருந்தாலும் வேறு வேறு தயாரிப்பு பல்புகள் பக்கத்துப் பக்கத்தில் எரிந்தால் வித்தியாசம் தெரியும்.

ஒரே ஒளியில் திட்டுத் திட்டாகத் தெரிகிறது. இதற்குக் கண் காரணமில்லை. டப்பாவுக்கு டப்பா ஷேடு மாறியிருக்கிறது, அல்லது அடிப்பூச்சு சீராக இல்லை. வேலை தொடங்கும் முன் எல்லா டப்பாக்களையும் ஒரே பெரிய வாளியில் கொட்டிக் கலக்கியிருந்தால் வந்திராது. வந்துவிட்டால் ஒட்டுப்போட வேண்டாம். மூலையிலிருந்து மூலை வரை அந்தச் சுவர் முழுவதும் இன்னொரு கை அடிக்கச் சொல்லுங்கள். அப்போதும் திட்டு மறையாமல் ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வந்தால் ஈரக்கசிவு இருக்கலாம். பெயிண்டரைவிட முதலில் கட்டட ஆளைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: விளக்கு மாற்றியதிலிருந்து சிவப்பு செத்துப்போயிற்று, முகங்கள் சோகை பிடித்த மாதிரி

முதலில் விளக்கின் மூடியைத் துடையுங்கள். மஞ்சளேறிய பழைய பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்ப்பதற்குக் காசில்லை.

அது காரணமில்லையென்றால் பல்புப் பெட்டியில் சி.ஆர்.ஐ. எண்ணைத் தேடுங்கள். விளக்கு நிறங்களை எவ்வளவு இயல்பாகக் காட்டுகிறது என்பதற்கு 100 வரை போடும் மதிப்பெண் அது. கெல்வின் எண் ஒளி மஞ்சளா நீலமா என்று சொல்லுமே தவிர, அந்த ஒளியில் எல்லா அலைநீளமும் இருக்கிறதா என்று சொல்லாது. வெள்ளை எல்.இ.டி. பெரும்பாலும் 450 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு நீல உச்சம், அதன்மேல் நீலத்தை வாங்கி மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சு. ஆழ்ந்த சிவப்பு அதில் மெலிந்திருக்கும். ஒளியில் இல்லாத சிவப்பைத் தக்காளி திருப்பி அனுப்ப முடியாது. வராததைக் கண்ணும் கற்பனை செய்யாது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. சி.ஆர்.ஐ. என்று அச்சிடும் எண் எட்டு மங்கல் நிறங்களின் சராசரி. அடர் சிவப்பு அந்த எட்டில் இல்லை. ஆர்9 என்று தனியாக நிற்கிறது. சராசரி 80 வாங்கிய விளக்கின் ஆர்9 பூச்சியத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோகூட இருக்கும். சமையல், ஒப்பனை, துணி, மருத்துவம் நடக்கும் இடத்துக்குச் சராசரி 90க்கு மேல், ஆர்9 50க்கு மேல் என்று கேட்டு வாங்குங்கள். பெட்டியில் ஆர்9 போடவே இல்லையென்றால் அது நல்ல எண்ணாக இருக்காது என்றே எடுத்துக்கொள்ளலாம்.

வீட்டுச் சோதனை: உள்ளங்கையையும் ஒரு சிவப்புத் துணியையும் புது விளக்கின் கீழ் 2 நிமிடம், பிறகு ஹாலஜன் கீழ் 2 நிமிடம் பாருங்கள். ஹாலஜனின் சி.ஆர்.ஐ. 100ஐ ஒட்டி இருக்கும். சிவப்பு அங்கே உயிர் பெற்றால் புது விளக்கை மாற்றுங்கள்.

*எல்லா நிறமுமே போய்விட்டதா?* மஞ்சள் சோடியம் தெருவிளக்கின் கீழ் நிற்கிறீர்களா பாருங்கள். குறை அழுத்தச் சோடியம் விளக்கு கிட்டத்தட்ட 589 நானோமீட்டர் என்ற ஒரே மஞ்சளைத்தான் உமிழ்கிறது. அதன் கீழ் நிறுத்திய சிவப்பு காரும் பச்சை காரும் வெளுப்பு அல்லது கறுப்பு வேறுபாடு மட்டுமே காட்டும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பழகாது. டார்ச் அடித்துப் பார்ப்பது ஒன்றுதான் வழி.

கடை, மருத்துவ அறை, அச்சகம் என்றால் ஸ்பெக்ட்ரோமீட்டர் வைத்திருக்கும் விளக்கு ஆலோசகரை ஒருமுறை அழைத்து அளக்கச் சொல்வது பல்புகளை மாற்றி மாற்றி வாங்குவதைவிட மலிவு.

## அறிகுறி 4: கண்ணுக்குச் சரியாக இருக்கிறது, படத்தில் மஞ்சளாகவோ நீலமாகவோ வருகிறது

ஒளியின் சாயலுக்குக் கண் பழகிக்கொள்கிறது, கேமரா அதை ஊகிக்கிறது. ஆட்டோ ஒயிட் பேலன்ஸ் என்பது அந்த ஊகம்.

முதலில் பார்க்கும் திரையைச் சந்தேகியுங்கள். போனில் இரவு நேரப் பயன்முறையும் சுற்றுப்புற ஒளிக்கேற்பத் திரையின் வெண்மையை மாற்றும் வசதியும் இருந்தால் அணைத்துவிட்டு இன்னொரு போனிலும் பாருங்கள். படம் அங்கே சரியாக இருந்தால் கேமராவைத் தொட வேண்டாம்.

படம் முழுக்க ஒரே சாயல். சட்டகத்தை ஒரே நிறம் நிறைத்திருக்கிறதா? புல்வெளி, சிவப்புச் சுவர், மஞ்சள் பட்டு எதுவானாலும் கேமரா அதை ஒளியின் சாயல் என்று எண்ணிக் கழித்துவிடும். பொருள் நிறமிழக்கும், பக்கத்தில் இருப்பதிலெல்லாம் எதிர்நிறம் ஏறும். சாம்பல் அட்டையைப் பொருள் இருக்கும் இடத்திலேயே, அதே கோணத்தில் வைத்து, சட்டகம் நிறையப் படமெடுத்து, கஸ்டம் ஒயிட் பேலன்ஸாக அமையுங்கள். ஒளி மாறும் ஒவ்வொரு முறையும் மறுபடி செய்ய வேண்டும். அச்சுத் தாளைச் சாம்பல் அட்டைக்குப் பதில் வைக்காதீர்கள். பெரும்பாலான வெள்ளைத் தாள்களில் ஒளிர்வூட்டி உண்டு. கேமரா அந்த நீலத்தைக் கழிக்கப் போய்ப் படம் மஞ்சளாகும்.

பொருள் சரி, பின்னணி ஆரஞ்சு. பிளாஷ் சுமார் 5500 கெல்வின், அறை விளக்கு 2700. ஒரே படத்துக்குள் இரண்டு ஒளி. ஒயிட் பேலன்ஸ் எண் ஒன்றுதான். அறை விளக்கை அணையுங்கள், அல்லது பிளாஷ் மேல் ஆரஞ்சு ஜெல் தாள் (ஒளியை நிறமாக்கும் கண்ணாடித் தாள்) ஒட்டிவிட்டு ஒயிட் பேலன்ஸைப் பல்புக்கு அமையுங்கள். பிறகு கணினியில் சரிசெய்துகொள்ளலாம் என்று விடுவது இந்தக் கோளாறில் எளிதில் வேலைக்காகாது.

சிவப்புப் பூ தட்டையாக, இதழ் வரிகளே இல்லாமல். இது ஒயிட் பேலன்ஸ் இல்லை. சிவப்பு அலைவரிசை மட்டும் நிரம்பி வழிந்துவிட்டது. எக்ஸ்போஷரை 1 ஸ்டாப், அதாவது ஒளி பாதியாகும்படி, குறைத்து, ரா கோப்பாக (கேமரா திருத்தாத மூலக் கோப்பு) எடுங்கள்.

படத்தின் குறுக்கே நிறப்பட்டைகள். விளக்கு துடிக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் ஷட்டரை 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் இடத்தில் 1/60 அல்லது 1/120 வையுங்கள்.

விற்பனைப் பொருளின் நிறம் படத்தில் மாறியதால் சரக்குத் திரும்பி வருகிறது என்றால் 24 கட்ட நிற அட்டையுடன் வேலை செய்யும் புகைப்படக்காரரிடம் கொடுங்கள். அவர்கள் வெறும் வெள்ளையை மட்டும் சரிசெய்யாமல் ஒவ்வொரு நிறத்துக்கும் திருத்தம் போடுவார்கள்.

## அறிகுறி 5: திரையில் ஒன்று, அச்சில் ஒன்று

அச்சகத்தோடு சண்டைக்குப் போகும் முன் திரையின் வெளிச்சத்தைக் குறையுங்கள். "அச்சு இருண்டு வந்தது" என்ற புகாருக்குப் பெரும்பாலும் திரை அளவுக்கு மீறி எரிவதுதான் காரணம். திரையை 30 நிமிடம் சூடேற விட்டு, 6500 கெல்வின், சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலா வெளிச்சம் என்று அளவிடும் கருவி கொண்டு அமையுங்கள். அச்சைப் பார்க்கும் ஒளியும் முக்கியம். அச்சுத் துறைக்கான ஐ.எஸ்.ஓ. 3664 தரம் கூர்ந்து ஒப்பிட டி50 ஒளி, அதாவது சுமார் 5000 கெல்வின், 2000 லக்ஸ் (பரப்பில் விழும் ஒளியின் அளவு) என்கிறது. வீட்டு மேசை விளக்கு அந்தப் பக்கமே வராது. இத்தனையும் சரியாக இருந்து நிறம் மாறினால்தான் பிரொபைல் (திரை நிறத்தை அச்சு நிறமாக மாற்ற உதவும் கோப்பு) கோளாறு, அப்போது அச்சகத்தைக் கேளுங்கள்.

## அறிகுறி 6: அதே நூல், அதே பெயிண்ட், பக்கத்து நிறம் மாறியதும் இதுவும் மாறுகிறது

துளை அட்டையை எடுங்கள். இரண்டு துளைகளிலும் இரண்டு இடத்து நிறமும் தெரியும்படி பிடித்து, சுற்றியிருப்பதெல்லாம் மறைந்தபின் பாருங்கள். ஒரே மாதிரி தெரிந்தால் பொருளில் தவறில்லை; பக்கத்து நிறம் தன் எதிர்நிறத்தை இதன்மேல் ஏற்றுகிறது. வேறாகத் தெரிந்தால் உண்மையிலேயே வேறு, அறிகுறி 1க்குப் போங்கள்.

இந்தப் புகார் புதிதல்ல. 19ஆம் நூற்றாண்டில் பாரிஸ் கோபெலின் திரைச்சீலைத் தொழிற்கூடத்தில் கறுப்புச் சாயம் வலுவில்லை என்று குறை வந்தது. சாயப் பிரிவுத் தலைவராக இருந்த வேதியியலாளர் செவ்ரல் சோதித்துக் கண்டது: சாயம் நன்றாகவே இருந்தது, பக்கத்தில் நெய்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பைக் கெடுத்தன. தீர்வும் அப்போதிருந்தே ஒன்றுதான். சாயத்தை விடுங்கள், பக்கத்து நிறத்தை மாற்றுங்கள். அது முடியாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் சாம்பல் அல்லது கறுப்புக் கோடு ஒன்று கொடுங்கள்.

## அறிகுறி 7: இரண்டு பேர், இரண்டு நிறம்

*படத்தைப் பார்த்துத்தான் சண்டையா?* நிறுத்திவிடுங்கள். 2015 பிப்ரவரியில் ஒரு ஆடையின் படத்தைப் பார்த்து உலகமே இரண்டாகப் பிரிந்தது: சிலருக்கு நீலம்-கறுப்பு, சிலருக்கு வெள்ளை-தங்கம். ஆடை உண்மையில் நீலம்-கறுப்பு. படத்தில் ஒளி எப்படிப்பட்டது என்பதற்குத் துப்பு இல்லாததால் ஒவ்வொருவர் மூளையும் வேறு ஒளியை ஊகித்து அதைக் கழித்தது. படத்தை வைத்து இதைத் தீர்க்க முடியாது, பொருளைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

*பொருளே எதிரில் இருக்கிறதா?* இருவரும் இடம் மாறி நில்லுங்கள். பளபளப்பான பரப்பு கோணத்துக்குக் கோணம் மாறும். பிறகு பக்கத்தில் சாம்பல் அட்டை வைத்து, பெயர் சொல்லாமல் நிற அட்டையில் ஒத்த கட்டத்தைத் தொட்டுக்காட்டச் சொல்லுங்கள். இருவரும் ஒரே கட்டத்தைத் தொட்டால் சண்டை பெயரைப் பற்றியது, நிறத்தைப் பற்றியது அல்ல. நீலப்பச்சை நிறங்களில் பெரும்பாலும் இப்படித்தான் முடியும்.

கட்டமும் வேறு, அதிலும் சிவப்பு-பச்சை-பழுப்பில்தான் குழப்பம் என்றால் பிறவி நிறக்குறை இருக்கலாம். ஆண்களில் இது அரிதல்ல. ஐரோப்பிய வழியினரில் ஆண்கள் சுமார் 8 சதவீதம், பெண்கள் அரை சதவீதம். கண் பரிசோதகரிடம் இஷிஹாரா தட்டுச் சோதனை (நிறப் புள்ளிகளுக்குள் மறைந்த எண்ணைப் படிப்பது) செய்துகொள்ளச் சொல்லுங்கள். போன் திரையில் செய்வது கணக்கில்லை. அந்தத் தட்டுகள் பகலொளி போன்ற ஒளியில், சுமார் 75 செ.மீ. தூரத்தில் பார்ப்பதற்காக அச்சிட்டவை.

## அறிகுறி 8: கருநீலமும் கறுப்பும் பிரிபடவில்லை, அந்தியில் சிவப்பு கறுத்துவிட்டது

ஒளி போதவில்லை. மங்கலில் கூம்புச் செல்கள் ஓய்ந்து, நிறம் பிரிக்கத் தெரியாத கோல் செல்கள் பொறுப்பேற்கின்றன. அவற்றுக்குச் சிவப்பு ஏறக்குறையத் தெரியாது, நீலப்பச்சை நன்றாகத் தெரியும். சிவப்புப் பூ இலையைவிடக் கறுப்பாவது அதனால்தான். நிறம் பொருத்தும் மேசைக்கு 1000 லக்ஸுக்குக் குறையாமல் கொடுங்கள். ஒளியைக் கூட்டியும் பிரிபடாமல், இதற்குமுன் பிரித்துப் பார்த்தவருக்கே இப்போது முடியவில்லை என்றால் அடுத்த தலைப்புக்கு வாருங்கள்.

## அறிகுறி 9: ஒளி சரி, பொருள் சரி, கண்ணில்தான் மாற்றம்

ஒரு கண்ணை மூடி, ஒரு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பிறகு மறு கண். சற்றுமுன் ஒரு கண் மட்டும் வெயில் பக்கம் இருந்தாலோ தலையணையில் அழுந்தியிருந்தாலோ இரண்டுக்கும் நிறம் சற்று வேறாகத் தெரிவது இயல்பு. 10 நிமிடத்தில் போய்விடும். போகாவிட்டால்:

மெல்ல மெல்ல எல்லாம் மஞ்சள், பழுப்பு. வயதோடு கண்ணின் லென்ஸ் மஞ்சளேறும். மூளை அதையும் வருடக்கணக்கில் கழித்துக்கொண்டே வருவதால், ஒரு கண்ணில் புரை அறுவை செய்து மறு கண்ணோடு ஒப்பிடும்வரை பலருக்குத் தெரிவதே இல்லை. அறுவைக்குப் பிறகு எல்லாம் நீலமாகத் தெரிகிறது என்பதும் கோளாறல்ல. மூளை பழைய கணக்கைத் திருத்தச் சில வாரங்களிலிருந்து சில மாதங்கள் ஆகும். நிறம் பார்த்துத் தொழில் செய்பவர் அதுவரை முக்கிய ஒப்புதல்களை இன்னொருவர் கண்ணிடம் விடுவது நல்லது.

ஒரு கண்ணில் சிவப்பு வெளுத்திருக்கிறது. சிவப்பு பாட்டில் மூடி ஒன்றை ஒவ்வொரு கண்ணாலும் மாறிமாறிப் பாருங்கள். ஒரு கண்ணில் மட்டும் அழுக்குச் சிவப்பாகவோ ஆரஞ்சாகவோ தெரிந்தால் பார்வை நரம்பைச் சோதிக்க வேண்டும். கண்ணை அசைத்தால் வலியும் இருந்தால் நாள் தள்ளாதீர்கள்.

புது மருந்துக்குப் பின் மஞ்சளோ நீலமோ. டிகாக்சின் அளவு கூடினால் மஞ்சளாகத் தெரியலாம், சில்டனாபில் நீலச்சாயல் தரலாம், காசநோய்க்குத் தரும் எத்தாம்பியூட்டால் சிவப்பு-பச்சை பிரிக்கும் திறனைக் குறைக்கலாம். மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதித் தந்த மருத்துவரை அன்றே கூப்பிடுங்கள்.

விளக்கைச் சுற்றி வானவில் வளையம், கண் வலி, வாந்தி. கண்ணழுத்தம் திடீரென்று ஏறியிருக்கலாம். நேராக அவசரப் பிரிவு.

திடீரென்று நிறமே இல்லை, அல்லது பார்வையின் ஒரு பக்கம் மட்டும் நிறம் போய்விட்டது. இரண்டு கண்ணையும் மாறிமாறி மூடினாலும் அதே பக்கம் சாம்பலாக இருந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். பக்கவாதத்துக்கு எப்படி ஓடுவீர்களோ அப்படி ஓட வேண்டும். போகும் வழியில் எத்தனை மணிக்குத் தொடங்கியது, ஒரு கண்ணிலா இரண்டிலுமா, பேச்சிலோ கைகாலிலோ மாற்றம் உண்டா என்ற மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே முதலில் கேட்பது அவற்றைத்தான்.